மிஸ்ஸிஸிப்பியின் செனட் ஆசனம்

அமெரிக்க செனட்டில் மிஸ்ஸிஸிப்பி மாநிலத்துக்குரிய ஆசனங்கள், அம்மாநிலச் செனட்டர் ஜெபர்சன் டேவிஸ் 1861 ஜனவரி 21 அன்று விடைபெற்றுச் சென்றபின், உள்நாட்டுப் போர் முடிந்தும் 1870 வரை சூனியமாகவே கிடந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில், மாநிலச் சட்டசபை தேர்ந்தனுப்பிய ஹைரம் ரெவல்ஸ் என்னும் கறுப்பினப் பாதிரியார் பிரமாணம் எடுக்க வந்து நிற்க, கறுப்பர் பிரஜைகளே அல்லர் என்ற 1857-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி, செனட்டருக்கு விதிக்கப்பட்ட ஒன்பதாண்டுப் பிரஜா உரிமை இவருக்கு ஏது என்று எதிர்த்தரப்பினர் ஆட்சேபித்தனர். சுதந்திர மனிதராகவே பிறந்தவரைக் குறித்து இதைவிட அநியாயமான வாதம் உண்டோ! 48 வாக்குகள் ஆதரவாகவும் 8 எதிராகவும் விழ, அவர் ஆசனம் ஏறினார். அடிமையாய்ப் பிறந்த பிளான்ச் புரூஸ் 1875 முதல் 1881 வரை அம்மாநிலத்தின் பிரதிநிதியாய் முழுப் பதவிக்காலமும் வீற்றிருந்தார். பின்னர் 1890-ஆம் ஆண்டு மாநில அரசியல் சாசனம், வாக்குவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தது. புரூஸுக்குப்பின் மிஸ்ஸிஸிப்பி கறுப்பர் எவரையும் செனட்டுக்கு அனுப்பவில்லை.