அரிக்கமேட்டு உரோமர் வீடும் சம்பா கோயிலும்

புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே சுமார் 4 கி.மீ. தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. அங்கு செல்வோரின் கண்ணில் முதலில் படுவது மரங்களுக்கிடையே நிற்கும் உயரமான செங்கற்சுவர்கள். பலரும் இவற்றையே 'உரோமர் வீடு' என்று எண்ணிப் படமெடுத்துச் செல்கின்றனர். உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் கட்டிய குருமடத்தின் இடிபாடுகள்.

சயாமிலிருந்தும் பின்னர் வியட்நாம் பகுதியிலிருந்தும் இடம்பெயர்ந்த அக்குருமடம் 1770இல் புதுச்சேரிக்கு வந்தது. அதன் தலைவர் பிஞ்ஞோ தெ பெயேன் என்ற பிரெஞ்சுக் குரு. வியட்நாமிய மொழிக்கு இலத்தீனில் பொருள் கூறும் அகராதி ஒன்றை அவர் 1773இல் புதுச்சேரியில்தான் தொகுத்து முடித்தார். குருமடமோ நெடுநாள் நீடிக்கவில்லை.

அப்படியானால் உரோமர் காலக் கட்டடம் எங்கே? அது மண்ணுக்குள் இருக்கிறது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண 1768இல் புதுச்சேரிக்கு வந்த லெ ஜாந்தி என்ற வானியலாளர், வீராம்பட்டினத்து மக்கள் இம்மேட்டிலிருந்து பழைய பெரிய செங்கற்களை எடுப்பதைக் குறித்துள்ளார். (மேகம் மூடியதால் கோளை அவர் காணவில்லை, செங்கலையாவது கண்டார்!) வீரராகவன் என்ற அரசனின் கோட்டைக் கற்கள் அவை என்று மக்கள் அவரிடம் கூறினராம். இவ்வாறு தோண்டியெடுத்ததால் பழஞ்சுவர்கள் பல அழிந்தன.

1937இல் ழூவோ துப்ராய், அகஸ்டஸ் பேரரசரின் உருவம் எனக் கருதப்பட்ட செதுக்குமணி ஒன்றைப் பற்றி அறிவித்தார். 1940களின் தொடக்கத்தில் சுர்லோ என்பவரும் பொஷே பாதிரியாரும் அகழ்ந்தனர். 1945இல் மார்டிமர் வீலர் சுமார் 45 மீட்டர் நீளமுள்ள கட்டடத்தின் அடித்தளத்தைக் கண்டு, அதைப் பண்டகசாலை எனக் கருதினார். இத்தாலியின் அரெட்டைன் வகைப் பாண்டங்களும், மது கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அரெட்டைன் பாண்டங்களின் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அரிக்கமேடு தந்த பெருங்கொடை இதுவே. 'உரோமர் குடியிருப்பு' என்ற கருத்து பின்னர் தளர்ந்தது. 1989 முதல் 1992 வரை இங்கு ஆய்ந்த விமலா பெக்லி, உரோமப் பொருள்கள் வருவதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்ததை எடுத்துக்காட்டினார். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், மணி செய்யும் தொழிலின் தடயங்களும் உள்ளூர் மக்களையே சுட்டுகின்றன.

நகருக்குள் மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னை பேராலயத்தை மக்கள் 'சம்பா கோயில்' என்பர். 'சான் பவுலு', அதாவது புனித பவுல் என்ற பெயரின் திரிபு அது. இயேசு சபையினர் 1692இல் கட்டிய முதல் ஆலயம் மறு ஆண்டே டச்சுக்காரர் படையெடுப்பில் அழிந்தது. அடுத்துக் கட்டியதும் நிலைக்கவில்லை. மூன்றாவது ஆலயத்தை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது அக்கோயில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு பதிவு செய்துள்ளார். அந்த மூன்றாவது ஆலயமும் 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயரால் தரைமட்டமானது. இன்று நாம் காண்பது நான்காவது. 1791 ஜூன் 20 அன்று திருநிலைப்படுத்தப்பட்டது.

அரிக்கமேட்டில் அகழ்ந்த குழிகள் இன்று மூடப்பட்டுள்ளன. எனவே உரோமர் காலப் பொருள்களைக் காண விரும்புவோர் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும்.