திருடா திருடா (இசைத்தொகுப்பு)

மணிரத்னம் இயக்கி 1993இல் வெளிவந்த ‘திருடா திருடா’ படத்துக்கு ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த பாடல்களின் தொகுப்பு. பாடல்களை வைரமுத்து எழுதினார். முந்தைய ஆண்டின் ‘ரோஜா’ அளவுக்குப் படம் ஓடவில்லை. அதனால் பாடல்களும் ‘ரோஜா’வின் நிழலிலேயே நின்றன. இன்று ரகுமானின் தொடக்கக்காலத் துணிச்சலுக்குச் சான்றாக ரசிகர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இத்தொகுப்பைத்தான். அது நியாயமானதே.

காரணத்தை அறிய ‘ராசாத்தி’ ஒன்றே போதும். வாத்தியங்களை ஒதுக்கிவைத்து, மனிதக் குரல்களையே நம்பிக் கட்டிய பாடல் இது. சாகுல் ஹமீதின் கரகரப்பான கிராமத்துக் குரல் முன்னே செல்ல, கோரஸ் அடுக்கடுக்காக எழுந்து பக்கவாத்தியம் இருக்கவேண்டிய இடத்தை நிரப்புகிறது. காதொலிப்பானில் கேட்டால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியே பிடிபடும். அன்றைய ஒலிநாடாவில் இந்த நுணுக்கம் எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கும்?

அனுபமா பாடிய ‘கொஞ்சும் நிலவு’ மேற்கத்திய நடனத் தாளத்தில் அமைந்தது. படத்தின் நடன அமைப்புக்காகச் சுந்தரம் தேசிய விருது பெற்றார்.