சுருக்குப் பை முதல் ஜீன்ஸ் பை வரை

"நீ தைக்கிற பையைப் பற்றி மலருக்கு எழுது" என்று சொன்னார்கள். பையைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று முதலில் மலைப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் நம்ம வீட்டுப் பொம்பளைங்க கதையில பாதி பைக்குள்ளேயே இருக்கு.

எங்க அப்பாயிக்கு மடிதான் பை. அறுப்பு முடிந்து கூலியாக அளக்கிற நெல்லை முந்தானையில் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். காசும் வெற்றிலை பாக்கும் இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் இருக்கும். தாத்தாவோட கிழிந்த சட்டையிலேயே அதைக் கையால் தைத்துக்கொள்வார். பழைய துணியில் பை தைப்பது புதுசா வந்த பழக்கம் இல்லைங்க. துணியை வெட்டி ஒட்டுத் தையல் போடுவதில் தஞ்சாவூருக்கே பேர் உண்டு. தேரிலும் கோயில் மண்டபத்திலும் தொங்குகிற தொம்பைகள் எல்லாம் அந்த வேலைதான்.

அடுத்து மஞ்சப்பை. கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை, ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும். பிளாஸ்டிக் பை வந்தபிறகு மஞ்சப்பைக்காரரைப் பார்த்துப் பட்டிக்காடு என்று சிரிச்சாங்க. என் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் எங்கே போச்சு என்று டெல்டாக்காரங்களுக்குத் தெரியும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பார்கள். அந்தத் தண்ணீர் எங்க வாய்க்காலுக்கு வரும்போது தண்ணிக்கு முன்னாடி குப்பைதான் வரும். மதகில் போய் அடைத்துக்கொள்ளும். ஆம்பளைங்க இறங்கி வாரிப் போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணி போகும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை என்று 2018 ஜூன் 5-ல் அரசு அறிவித்தது. 2019 ஜனவரி 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23-ல் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியது. அடுத்த பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த பரிசுத் தொகுப்போடு துணிப்பையும் வந்தது. சிரிச்சவங்களே மஞ்சப்பையைத் தேட ஆரம்பிச்சாங்க.

எங்க வீட்டுக்குள் ஜீன்ஸ் நுழைந்தது என் தம்பியோடுதான். வயல் வருமானம் பத்தாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், தீபாவளிக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தான். முட்டி கிழிந்த ஜீன்ஸ் நாலு பரணில் கிடந்தது. தூக்கிப் போட மனசு வரலை.

அந்தத் துணிக்கும் ஒரு கதை இருக்கு. அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையல்காரர். மரம் வெட்டுகிறவர் ஒருவரின் மனைவி அவரிடம் வந்து, தன் வீட்டுக்காரருக்குச் சீக்கிரம் கிழியாத கால்சட்டை கேட்டார். டேவிஸ் பாக்கெட் மூலையில் செம்புக் குமிழ் அடித்துத் தைத்துக் கொடுத்தார். பிறகு துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பணக்காரங்க உடுப்பு என்று நினைத்திருந்தேன். அது கூலிக்காரங்க உடுப்பு. அந்த நீலச் சாயமும் நமக்குப் புதுசு இல்லை. தென்னாற்காடு பக்கம் அவுரி பயிரிட்டு நீலம் எடுத்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1897-ல் ஜெர்மனியிலிருந்து ரசாயன நீலம் விற்பனைக்கு வந்தபிறகு அந்தப் பயிர் படுத்துவிட்டது.

ஜீன்ஸ் தைப்பது ரவிக்கை தைப்பது மாதிரி இல்லை. முதல் பைக்கு மூணு ஊசி உடைத்தேன். 18-ம் நம்பர் ஊசி போட வேண்டும். காலின் ஓரத் தையலைப் பிரித்து விரித்தால் ஒரு பைக்கான துணி கிடைக்கும். மடிப்பு தடிப்பாக உள்ள இடத்தைச் சுத்தியலால் தட்டி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். செம்புக் குமிழ் பக்கம் ஊசி போகக் கூடாது. இடுப்புப் பட்டிதான் பிடி. பின் பாக்கெட்டை அப்படியே வெளியே வைத்தால் செல்போனுக்கு ஆச்சு. உள்ளே பழைய நூல் புடவை.

முதல் பையைக் கண்காட்சியில் வைத்தபோது, "பழைய பேண்ட்தானே, முப்பது ரூபாய்க்குக் கொடும்மா" என்றார் ஒருவர். கொடுத்துவிட்டேன். குழுக் கூட்டத்தில் ஊக்குநர் அக்கா கணக்கு கேட்டார். நூல், ஊசி, ஜிப் என்று எழுதினேன். "உன் கூலி எங்கடி?" என்றார். எழுதவே இல்லை. "நடவுக்குப் போனா கூலி இல்லாம வருவியா? ரெண்டு மணி நேரம் மெஷின் மிதிச்சதுக்கு மட்டும் ஏன் இல்லை?" எனக்குப் பதில் வரலை. அன்றைக்குக் குழுவே உட்கார்ந்து கூலியையும் சேர்த்து 120 ரூபாய் என்று விலை போட்டது.

தமிழ்நாட்டில் நம்ம மாதிரிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்தன. சேமிப்பு, கடன் என்றுதான் நானும் சேர்ந்தேன். ஆனால் என் வேலைக்குக் கூலி உண்டு என்று சொல்லிக் கொடுத்ததைத்தான் பெரிசாக நினைக்கிறேன். அப்பாயி மரக்கால் குறையாமல் நெல்லை அளந்து வாங்கித்தான் முந்தானையில் முடிந்தார். நான் அதை மறந்திருந்தேன்.

பரணில் ஜீன்ஸ் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாங்க, சொல்லித் தருகிறேன். விலை சொல்லும்போது மட்டும் உங்க கூலியை விட்டுடாதீங்க.