கொச்சிக்கு வந்த அண்டார்டிகா

பாலக்காட்டிலோ மூணாறிலோ இருக்கும் சொந்தக்காரர்களிடம், "2024 மே மாதம் அண்டார்டிகா பற்றிப் பேச உலக நாடுகள் எங்கே கூடின?" என்று கேட்டுப் பாருங்கள். நார்வே, அமெரிக்கா என்பார்கள். பதில், நம்ம கொச்சி! அண்டார்டிகா உடன்படிக்கை நாடுகளின் 46வது ஆலோசனைக் கூட்டம் அங்கேதான் நடந்தது.

சரி, நமக்கும் அண்டார்டிகாவுக்கும் என்ன சம்பந்தம்? பேங்க்காரன் பார்வையில் சொல்கிறேன்.

1981 ஜூலையில் இந்திரா காந்தி அரசு கடல் மேம்பாட்டுத் துறையைத் தொடங்கியது. நேராகப் பிரதமரின் பொறுப்பில். ஆறே மாதத்தில் துறைச் செயலாளர் டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் நார்வே நாட்டு வாடகைக் கப்பலில் போய், 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கிவிட்டார்கள். கடற்படை, வானிலைத் துறை, புவியியல் ஆய்வுத் துறை என்று பல இடங்களிலிருந்து ஆட்களைத் திரட்டித்தான். நம்ம பாஷையில் 'டெபுடேஷன்'!

ஏன் இத்தனை அவசரம்? புதிதாகச் சேரும் நாடு அங்கே கணிசமாக ஆராய்ச்சி செய்தால்தான் உடன்படிக்கையில் ஓட்டுரிமை. இந்தியா 1983 ஆகஸ்டில் சேர்ந்தது, செப்டம்பரில் ஓட்டுரிமையும் வாங்கியது.

ஜெர்மனிக்காரர்கள் வேறு மாதிரி. 1980இல் முதலில் ஆல்ஃபிரட் வெகனர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார்கள், மறு வருஷம் அண்டார்டிகாவில் நிலையம். அதாவது ஹெட் ஆபீஸ் முதலில், கிளை பிறகு. நாம் கிளையை முதலில் திறந்தோம். முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்தது. 1989இல் பாறைமேல் மைத்ரி வந்தது. கோவாவில் இதற்கென்றே தன்னாட்சி மையம் அமைந்தது 1998இல்தான். கொச்சிக் கூட்டத்தை நடத்தியதும் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வரும் இதே மையம்தான். 2018 முதல் அதன் பெயர் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்.

அதற்குப் பிறகு வேலை சீராக நடந்தது. 2008இல் ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி, 2012இல் அண்டார்டிகாவில் பாரதி. அங்கே போகிறவர்களுக்கு அனுமதி, தண்டனை என்று விதிக்கும் இந்தியச் சட்டமோ 2022இல்தான் வந்தது. முதல் பயணம் போய் நாற்பது வருஷம் கழித்து!

துணிச்சலாக ஒரு பயணம் போய்விடலாம். வருஷா வருஷம் கப்பலும் ஆளும் சாப்பாடும் அனுப்பவும், பழைய அனுபவம் தொலையாமல் காக்கவும் நிரந்தரமாக ஓர் ஆபீஸ் வேண்டும். வெளிநாட்டில் பனியைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மூணாறில் மேகங்களை ஆராயும் கூடமும் இதே அமைச்சகத்தின் கீழ்தான் என்பதையும் சேர்த்து!