ஒரு சொல்லும் ஒரு நோய்க் கணக்கும்

காத்தோங்கில் நான் பாடம் நடத்தும் உயர்நிலை மூன்று வகுப்பில், ஒரு மாணவர் தம் கட்டுரையில் திருநங்கையரை ஓரிடத்தில் ‘அரவாணி’ என்றும், இன்னோரிடத்தில் இங்கே எழுத முடியாத ஒரு சொல்லாலும் குறிப்பிட்டிருந்தார். சொல்லைத் திருத்தினாலே போதும்னு முதலில் நினைச்சேன். ஆனால் அந்தச் சொற்களோடு ஒரு நோயின் வரலாறும் சேர்ந்தே வருது.

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூரில் சோதிக்கப்பட்டன. தொற்று இருந்தது.

பின்னர் வந்த தடுப்புத் திட்டங்களில் திருநங்கையருக்குத் தனி இடம் கிடைக்கவில்லை. ‘ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்’ என்ற பிரிவுக்குள்ளேயே பல ஆண்டுகள் அவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். பெண்ணாக வாழ்பவரை ஆண் கணக்கில் வைத்தால் அவருக்கான செய்தி அவரிடம் எப்படிப் போய்ச் சேரும்? மருத்துவமனைக்குப் போனால் ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்பதே சிக்கல். அந்த அவமானத்துக்குப் பயந்து சோதனைக்கே போகாதவர்கள் உண்டு.

மாணவர்கள் அடிக்கடி தவறாக எழுதுவது ஒன்று: திருநங்கையாக இருப்பதால் நோய் வருவதில்லை. ஆணுறை இல்லாத ஆசனவாய் வழி உறவில் கிருமி எளிதாகப் பரவும். இது யாருக்கும் பொருந்தும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, வேலையும் கிடைக்காமல் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டவரால், காசு கொடுப்பவரிடம் ஆணுறை போடுன்னு வற்புறுத்த முடியுமா, சொல்லுங்க. 2017ஆம் ஆண்டு இந்தியக் கண்காணிப்புக் கணக்கில் கர்ப்பிணிகளிடம் தொற்று 0.28 விழுக்காடு, திருநங்கையரிடம் 3.14.

அப்படித் தனியாக எண்ணத் தொடங்கியதே தாமதமாகத்தான். 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. அடையாள அட்டை, குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை எல்லாம் வந்தன. ‘திருநங்கை’ என்ற சொல் அரசு ஆவணங்களில் வேரூன்றியதும் அந்தக் காலத்தில்தான். 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. இன்று சித்திரை மாதம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடும்போது, தாலி கட்டும் சடங்குக்குப் பக்கத்திலேயே ஆணுறை வழங்குவதும் இரத்தப் பரிசோதனையும் நடக்கின்றன. தொற்று உள்ளவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமியே தென்படாத நிலைக்கு வந்துவிட்டால், உறவின் மூலம் பிறருக்குப் பரவாது. இதை வகுப்பில் சொன்னபோது பலர் வியந்தார்கள். (எனக்கே சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியும்.)

“சிங்கப்பூர்ல எப்படி, டீச்சர்?” என்று அந்த மாணவரே கேட்டார்.

தேக்காவை ஒட்டி அப்போதிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம் 1971இல் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். 1973 முதல், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றலாம். எச்ஐவி இங்கே தெரியவந்தது 1985இல். தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய கிளந்தான் லேனில், பெயர் சொல்லாமலே பரிசோதித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு.