பலாலி விமானத்தளத்தின் வரலாறு

இலங்கைப் படத்தையும் தென்னிந்தியப் படத்தையும் ஒருங்கே விரித்து அளந்து பார்ப்போர்க்கு ஓருண்மை புலப்படும். பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. கொழும்பையடுத்துள்ள இரத்மலானையோ ஏறக்குறைய 330 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. பலாலித் தளத்தின் வரலாறு இவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட வரலாறே எனலாம்.

இரண்டாவது உலக மகாயுத்த காலத்திலே பிரித்தானிய விமானப்படையினர் இத்தளத்தை அமைத்தனர். வலிகாமம் வடக்கின் நிலம் குன்றும் ஆறும் இன்றிச் சமதரையாய்க் கிடப்பது. மேலே செம்மண், கீழே சுண்ணக்கல். ஓடுபாதைக்கு இதனினும் உகந்த நிலம் அரிது. அவ்வோடுபாதை வடகிழக்குத் தென்மேற்காக அமைந்திருப்பதும் ஈண்டு நோக்கற்பாலது. விமானம் எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொள்ளுதல் வேண்டும். நம் கடலோடிகள் சோளகம் என்றும் வாடை என்றும் பெயரிட்டு ஆண்டுதோறும் காத்திருந்த பருவக்காற்றுகள் வீசும் திசைகளும் அவையே. பாய்க்கப்பலுக்குப் பின்னின்று உதவிய காற்று விமானத்துக்கு முன்னின்று உதவுவதாயிற்று.

1947 டிசெம்பர் 10 ஆந் திகதி எயார் சிலோனின் முதற் சேவை தொடங்கியது. 'சீதாதேவி' என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. காங்கேசன்துறை என அன்று குறிக்கப்பட்டது இத்தளமே. பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்கும் விமானங்கள் பறந்தன. இதன் அருமையை உணர்தற்கு அக்காலத்துப் புகைவண்டிப் பயணத்தை நினைத்தல் வேண்டும். வடக்கே கண்ணுக்கெட்டாத் தூரத்தில் அக்கரை இருக்க, யாழ்ப்பாணத்தான் தெற்கே மதவாச்சி வரை சென்று, அங்கிருந்து தலைமன்னாருக்குத் திரும்பி, கப்பலேறித் தனுக்கோடியை அடைந்தான். 1964 டிசெம்பர்ப் புயலிலே தனுக்கோடியும் அழிந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தளத்தின் இயல்பு மாறியது. 1978 செப்டெம்பர் 7 ஆந் திகதி, யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற எயார் சிலோனின் அவ்ரோ விமானம் பயணிகள் இறங்கியபின் இரத்மலானையிற் குண்டு வெடித்து அழிந்தது. அடுத்த ஆண்டில் எயார் லங்கா தோன்றிற்று. பலாலியோ நாளடைவிற் படைத்தளமாயிற்று. 1987 ஜூலை இறுதியில் இந்தியப் படையினர் வந்திறங்கியதும் இங்கேயே. 1990 இல் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் அவை உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. பலாலி ஆசிரிய கலாசாலையும் இடம்பெயர்ந்தது. ஓடுபாதைக்கு அயலிலிருந்த தோட்டக்காரர் அதனைக் காணவும் இயலாத காலம் அது. போரின் பின் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன.

தரைவழி அடைபட்ட காலங்களில், கொழும்புக்குச் செல்ல வேண்டிய நோயாளர்க்கும் மாணவர்க்கும் கப்பலும் விமானமுமே கதியாயின. அப்பயணத்தின் விலை சிறிதன்று. 1998 செப்டெம்பர் 29 ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்தது. விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதனை வீழ்த்தியதெனக் கொள்ளப்படுகின்றது. 48 பயணிகளும் 7 பணியாளரும் மாண்டனர். பயணிகளுட் பெரும்பாலோர் தமிழ்ப் பொதுமக்கள். உறவினர் பல்லாண்டு காத்திருந்தபின், 2012 இலேயே இரணைதீவுக்கு அண்மையிற் கடலடியிற் சிதைவுகள் கண்டறியப்பட்டன. இத்தளத்தின் வரலாற்றை ஓடுபாதையின் நீள அகலங்களைக் கொண்டு மாத்திரம் எழுதுவார் இதனை மறத்தலாகாது.

2019 ஒக்டோபர் 17 ஆந் திகதி இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் வணிகச் சேவை தொடங்கிற்று. ஆயின் 2020 மார்ச்சில் கொள்ளைநோய் அதனை நிறுத்தியது. 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிய அச்சேவையைத் தொடர்ந்து, 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. வருபவை ஏறத்தாழ எழுபது பேர் அமரத்தக்க ஏ.ரி.ஆர். விமானங்களே. பெருவிமானங்கள் வரவில்லையெனக் குறைகூறுவாருளர். கடல்கடக்கும் சிறு தூரத்துக்கு இவை போதுமென்பதே எம் கருத்து. 2025 மார்ச் 30 ஆந் திகதி திருச்சிராப்பள்ளிச் சேவையும் தொடங்கியது.