தோட்டப் பாடசாலை (ஊவா மாகாணம்)

தோட்டப் பாடசாலை என்பது, பெருந்தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கெனத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் நடத்தப்பட்டுப் பின்னர் அரசின் கைக்கு வந்த தமிழ்மொழித் தொடக்கப் பாடசாலையைக் குறிக்கும். இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில் பசறை, நமுனுகுல, லுணுகலை, ஹப்புத்தளை முதலிய பகுதிகளில் இன்று இயங்கும் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றின் தோற்றுவாய் இதுவே.

தொடக்கத்தில் தோட்டக் கல்வி, வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட குடியிருப்பான லயத்தின் திண்ணையில், தொழிலாளரை மேற்பார்த்த கங்காணிமார் ஏற்பாடு செய்த வகுப்புகளாகவும், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறித்தவ அமைப்புகளின் பள்ளிகளாகவுமே இருந்தது. தொடக்கக் கல்வியை ஆராய்ந்த 1905இன் வேஸ் ஆணைக்குழுவுக்குப் பின் வந்த 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகியான துரையிடம் ஒப்படைத்தன. ஆனால் அதே பிள்ளை கொழுந்து பறித்தால் தோட்டத்துக்கு இலாபம், வீட்டுக்கு ‘அரைப்பேர்’, அதாவது அரைநாட் கூலி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே ஆண், பெண், பிள்ளை என மூவருக்கும் தனித்தனியே கூலி வகுத்திருந்த நிலையில், பிள்ளையின் உழைப்பால் பயன்பெறுபவரையே அதன் கல்விக்கும் காவலராக்கியது அக்கல்விச் சட்டங்களின் அடிப்படைக் குறை. அரைச்சுவரும் தகரக்கூரையும் கொண்ட ஒரே மண்டபத்தில், ஒரு மூலையில் வாய்ப்பாடும் மறுமூலையில் அரிச்சுவடியும் ஒலிக்க, ஓர் ஆசிரியரே ஐந்து வகுப்புகளையும் நடத்திய காலம் நீண்டது.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாடெங்கும் மத்திய கல்லூரிகளை வளர்த்தபோதும், 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டங்கள் பெரும்பாலும் விடுபட்டே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியிருந்ததால், அவர்களுக்காக வாதிட வாக்குவலிமையும் இல்லாமற்போனது.

ஒரே வகையான தோட்ட வாழ்விலிருந்து மூன்று நாடுகள் மூன்று வழிகளில் பிரிந்தன. மலாயாவில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டுமென 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படி எழுந்தவற்றில் பல இன்று மலேசியாவின் தேசிய மாதிரித் தமிழ்ப்பள்ளிகளாக ஆறாண்டுக் கல்வியைத் தமிழில் தருகின்றன, இடைநிலைப் பள்ளியிலோ பயிற்றுமொழி மலாய் ஆகிவிடுகிறது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தோட்டங்களில் கல்வி வசதி செய்யுமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. இலங்கையில், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபின், 1977 முதல் பாடசாலைகளும் படிப்படியாக அரசிடம் வந்தன. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பெனிகளுக்குப் போனபோதும் பாடசாலைகள் அரசிடமே தங்கியது பெரும்பேறு. சுவீடனின் சீடா நிறுவன உதவியால் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கியது.

இலங்கை முறையில் தமிழ்மொழிக் கல்வி க.பொ.த. உயர்தரம் வரை, அதாவது தரம் 13 வரை, தடையின்றித் தொடர்கிறது. இது மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்காத வாய்ப்பு. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் பல தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடுவதால், மேற்படிப்புக்குப் பசறைக்கோ பண்டாரவளைக்கோ பதுளைக்கோ மலையிறங்க வேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள ‘1ஏபி’ வகைப் பாடசாலைகள் தமிழ்மொழியில் மிகச் சிலவே. பல்கலைக்கழக அனுமதியில் 40 விழுக்காடு திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் பதுளையும் உண்டு. மாவட்டத்தை ஒரே அலகாகக் கொள்ளும் இக்கணக்கில், பதுளை நகரத்து ஆய்வுகூடத்தில் பயின்ற மாணவரும், அதே மாவட்டத்துத் தோட்டப் பகுதியான மடுல்சீமையில் கணித ஆசிரியருக்காகக் காத்திருந்த மாணவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.